“யார் சமைத்தது?”

ஷோனெஃபெல்ட் என்றவுடன் நம்மில் பலருக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். பெர்லினின் தென்கிழக்கு ஓரத்தை ஒட்டி, பிராண்டன்பர்க் மாநிலத்துக்குள் இருக்கிற ஊர் இது. 2020 அக்டோபர் 31 அன்று புதிய விமான நிலையத்தை இங்கே திறந்தார்கள். ஊரிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளின் பெட்டிகள் இங்கேதான் சோதனைக்கு நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பெட்டியில் வரக்கூடாது. ஆகவே அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய் அகப்பட்டால் குப்பைக்குப் போகும். மீன் 20 கிலோ வரை பரவாயில்லை என்பதால் கருவாடு தப்பித்துக்கொள்ளும். 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், கனி, இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலைக்கு விலக்கு இல்லை. எத்தனை கண்ணீர்!

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியின் உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியருக்குத்தான் முதலிடம். ஷோனெஃபெல்ட் பக்கம் தங்கியிருக்கிற எங்களில் சிலர் அப்படி வந்தவர்கள், சிலர் நர்சுகள். ஊரில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துப் பல வருடம் வார்டில் நின்றவர்களும் இங்கே வந்ததும் மொழி வகுப்பு, அங்கீகாரப் பயிற்சி என்று மறுபடியும் மாணவர்களாகிவிடுகிறோம். முப்பது வயதுக்கு மேல் வீட்டுப்பாடம் எழுதுவது ஒரு தனி அனுபவம். கூடப் படிப்பவர்கள் வியட்நாம், சிரியா, கேமரூன், பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டார். விடுதியில் சமையலறை ஒன்றுதான்.

அந்தச் சமையலறையில் நாங்கள் கற்றது கொஞ்சமல்ல. கேமரூன் தோழி செய்கிற ஜொலோஃப் சோறு நம் தக்காளிச் சாதத்துக்கு அக்காள் முறை. தக்காளி, மிளகாய், வெங்காயத்தை அரைத்துக் கொதிக்கவிட்டு அதிலேயே அரிசியைப் போட்டு வேகவைப்பாள். சிரியாத் தம்பியின் முஜத்தரா, பயறும் அரிசியும் ஒன்றாக வெந்து, மேலே கரும்பொன் நிறத்துக்கு வறுத்த வெங்காயம் தூவியது. வியட்நாம் தோழியின் மீன் சாற்றுப் புட்டியை முதன்முதலில் திறந்தபோது எங்கள் தூத்துக்குடி அக்கா, “இது நம்ம வீட்டுக் கருவாட்டுப் பானையில்லா!” என்றார். நாங்கள் ரசம் வைத்தோம். ‘எங்கள் பாரம்பரிய உணவு’ என்று பெருமையாகச் சொன்னாலும், அதில் மிதந்த தக்காளியும் கிள்ளிப் போட்ட மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1500-க்கு முன்பு தமிழ்நாட்டில் யாரும் மிளகாயைக் கடித்ததில்லை. காரத்துக்கு மிளகுதான் இருந்தது.

புதிய பாத்திரம் மேசைக்கு வந்ததும் எல்லா நாட்டாரும் கேட்கிற கேள்வி, “இதில் என்ன இருக்கிறது?” என்பதுதான். சிரியாத் தம்பி பன்றி இறைச்சி தொடமாட்டான். பிலிப்பைன்ஸ் தோழி ஒருத்திக்கு இறால் ஆகாது. எங்களில் சிலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. நியாயமான கேள்வி. ஆனால் நம்மவர்கள் மட்டும் கூடுகிற இடங்களில் இன்னொரு கேள்வி மெல்ல எழும்: “யார் சமைத்தது?” பாராட்டுவதற்காகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் சமைத்தவரின் ஊரையும் தெருவையும் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, பசியில்லை என்று தட்டைக் கீழே வைத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். அதைக் கவனித்த வியட்நாம் தோழி, “அவர்களுக்கு என்ன ஒவ்வாமை?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நம் சபைகளின் பழைய வரலாற்றைப் புரட்டத் தொடங்கினோம்.

முதலில் பக்கத்து ஊரிலிருந்து தொடங்கலாம். ஷோனெஃபெல்டிலிருந்து ஹாலே நகரம் ரயிலில் போய் அன்றே திரும்பக்கூடிய தூரம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் அந்த நகரத்தில் படித்தவர். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லம் இன்றும் நிற்கிறது. அதன் காட்சி அறையில் தமிழ்நாட்டுப் பொருள்களைப் பார்க்கலாம். எங்களை இழுத்தது அங்கிருந்த ‘இலவச மேசை’ ஏற்பாடு. ஏழை மாணவர்களுக்கு ஃபிராங்கே சாப்பாடு போட்டார். அதற்கு ஈடாக அவர்கள் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் என்றே ஒரு பெரிய மண்டபம் கட்டினார்கள். ரஷ்யா, ஹங்கேரி, இங்கிலாந்து என்று பல தேசத்துப் பிள்ளைகள் அந்த வளாகத்துக்கு வந்தார்கள். டமாஸ்கஸிலிருந்து வந்த சாலமோன் நெக்ரி என்பவர் ஹாலேயில் அரபு மொழி கற்பித்தார்.

அந்த ஊருக்கு ஒரு தமிழ் இளைஞரும் வந்தார். 1714-இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது கூடப் போனவர் மலையப்பன். 1716-இல் ஹாலேயில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் வேலையில் அவருடைய உதவி உண்டு. கடல் தாண்டினாலே சாதி போய்விடும் என்று நம்பிய காலம் அது. மாதக்கணக்கில் கப்பலில் இருக்கிறவர், யார் சமைத்தது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஜெர்மனியில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் மலையப்பன் ஒருவகையில் மூத்த அண்ணன்தான்.

ஆனால் கரையில் கதை வேறு. தரங்கம்பாடியில் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்குள் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்ட சாதியார் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே வேதம், பாய் மட்டும் வேறு. நற்கருணைப் பாத்திரத்தை யார் முதலில் வாங்குவது என்பதுவரை அந்தப் பிரிவினை நீண்டது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்து நின்றார்கள். கீர்த்தனைகளால் நம் எல்லாருக்கும் பிரியமான வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். இதை எழுதும்போது எங்களுக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

மாணவர்களின் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வது யாழ்ப்பாணம்தான். 1816-இல் அங்கே வந்த அமெரிக்க மிஷனெரிகள் தெல்லிப்பழையிலும் மற்ற இடங்களிலும் போர்டிங் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. டேனியல் பூவர் அதன் முதல் அதிபர். இலவசப் படிப்பு, இலவச உடை, இலவசச் சோறு. ஆனால் முதலில் வந்த பையன்கள் கிறிஸ்தவர்கள் வாழ்கிற வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே பக்கத்தில் ஒரு சைவருடைய காணியில் குசினி போட வேண்டியிருந்தது. சைவச் சமையற்காரர் அங்கே சமைப்பார். பையன்கள் மிஷன் வளவில் நியூட்டனையும் வானசாஸ்திரத்தையும் படித்துவிட்டு, வேலி தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் படிக்க வருவார்கள். கிறிஸ்தவர்கள் மொண்ட கிணற்றில் தண்ணீர் குடிப்பதும் ஒரு பிரச்சினையாக இருந்தது. காலம் போகப் போகக் குசினி வேலியைத் தாண்டி உள்ளே வந்தது.

அந்த வேலிதான் எங்கள் மனதில் நிற்கிறது. அறிவு வேலியைத் தாண்டி வந்துவிட்டது, சோற்றுக்கு மட்டும் வருடக்கணக்கானது.

பழைய மிஷன் நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பகலில் படிக்க வந்த இரண்டு சிறுமிகள் மழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. பசி வந்தது. சாப்பிட்டால் சாதி போய்விடும் என்ற பயமும் இருந்தது. கடைசியில் பசி ஜெயித்தது. விஷயம் தெரிந்த தகப்பன் கோபப்பட்டான். பிறகு, சாப்பிட்டதுதான் சாப்பிட்டாகிவிட்டது என்று பிள்ளைகளை அங்கேயே படிக்க விட்டுவிட்டான். 1824-இல் உடுவிலில் பெண்களுக்கென்றே போர்டிங் பள்ளி வந்தது. ஆசியாவிலேயே பெண்களுக்கான மிகப் பழைய போர்டிங் பள்ளிகளில் அது ஒன்று.

இதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்தச் சோறு சுத்தமான அன்பு மட்டுமல்ல. அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். சார்ல்ஸ் வின்ஸ்லோ தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளும் இவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராக வாழ்ந்து, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு நம் முன்னோர் பலர் கேட்டது. போட்டவர்கள் ஒரு கணக்கோடு போட்டார்கள், சாப்பிட்ட பிள்ளைகள் அந்தக் கணக்கை மீறி வளர்ந்தார்கள்.

மதுரைப் பக்கம் இந்த விவகாரம் வெடித்தது. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று தீர்மானித்தது. ‘அன்பின் விருந்து’ என்று அதற்குப் பெயர். உபதேசிமார் உட்படப் பலர் உட்கார மறுத்து, சபையின் ஐக்கியத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடும், எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் சேர்ந்து உண்ணச் சம்மதிப்பதே சாதியை விட்டதற்கு அத்தாட்சி என்று முடிவு செய்தது.

இதை ஏற்க மறுத்தவர்கள் ஜெர்மானியர்கள். தரங்கம்பாடி மிஷனின் வேலையை 1840-களிலிருந்து தொடர்ந்து நடத்திய லுத்தரன் மிஷன், லைப்சிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. லைப்சிக் ஹாலேக்கு அடுத்த ஊர். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தவர். தமிழரை நேசித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாதி ஒரு சமூக வழக்கம், சுவிசேஷம் மெதுவாக உள்ளிருந்து அதைக் கரைக்கும், விருந்து வைத்துப் பரீட்சை நடத்துவது சரியல்ல என்பது அவர் நிலை. விளைவு என்ன? மற்ற மிஷன்களில் ‘பரீட்சை’க்கு மனமில்லாதவர்கள் லுத்தரன் சபைக்கு வந்தார்கள். கிரவுலோடு ஒத்துப்போகாத கார்ல் ஓக்ஸ் என்ற லைப்சிக் மிஷனெரி பிரிந்துபோனார். கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் செய்த வேலை, 1860-களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தது.

கிரவுல் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டாயத்தின்பேரில் உண்ட ஒரு கவளம் மனதை மாற்றிவிடாது. நர்சிங்கில் நாங்களும் பார்க்கிறோம், மருந்தை வாயில் வைத்துவிட்டால் விழுங்கினதாக ஆகாது. ஆனால் ‘மெதுவாக’ என்று அவர் சொன்னபோது, காத்திருக்க வேண்டியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் காத்திருந்தார்கள், மூன்று நான்கு தலைமுறை. அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு எழுந்துபோனபோது, மெதுவாகச் சரியாகிவிடும் என்று பவுல் சும்மா இருக்கவில்லை. எங்கள் குழுவில் இதைப் பற்றி இரவு பதினொரு மணி வரைக்கும் வாக்குவாதம் நடந்தது. எல்லாருக்கும் ஒரே கருத்து வரவில்லை.

சபைக்கு வெளியேயும் இதே கதைதான். 1925-இல் திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது தெரியவந்தபோது தமிழ்நாடே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து எழுந்தார்கள். இரண்டு பிள்ளைகளின் இலை எங்கே போடப்பட்டது என்பது ஒரு மாகாண அரசியலையே திருப்பியது.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே வந்த பட்டப்படிப்பு இந்தியாவின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகளில் ஒன்று. யாருடைய புண்ணையும் தொட வேண்டிய வேலை என்பதாலேயே பல குடும்பங்கள் பெண்பிள்ளைகளை அனுப்பவில்லை. ஆரம்ப காலத்தில் வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்கள் அதிகம். பகலில் எல்லாச் சாதி நோயாளியையும் துடைத்துவிட்டு, இரவில் விடுதி மெஸ்ஸில் அடுத்த தட்டைப் பார்த்து முகம் சுளிக்க முடியுமா? கேரளத்துப் பிள்ளையும் ஆந்திரப் பிள்ளையும் நாகாலாந்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்கிற மெஸ் எங்களுக்கெல்லாம் முதல் ‘சர்வதேச மேசை’. நாகாலாந்துத் தோழியின் வீட்டிலிருந்து வந்த புளித்த மூங்கில் குருத்தைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு வியட்நாம் மீன் சாறு பெரிய விஷயமில்லை.

மறுபடியும் ஷோனெஃபெல்டுக்கு வருவோம். புதிய விமான நிலையத்துக்கு முன்பு இங்கே இருந்தது கிழக்கு ஜெர்மனியின் முக்கிய விமான நிலையம். 1980-களில் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் இங்கேதான் வந்து இறங்கினார்கள். 1989-இல் அவர்கள் சுமார் 60,000 பேர். விடுதியில் ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர் இடம் என்பது ஒப்பந்தக் கணக்கு. பெர்லின் சுவர் விழுந்து வேலை போனபின் பலர் சின்ன உணவுக் கடைகள் போட்டார்கள். ஆனால் ஜெர்மானியருக்குத் தெரிந்தது சீன நூடுல்ஸ்தான் என்பதால், முதலில் தங்கள் ஊர்ச் சமையலை மறைத்து அதையே சமைத்து விற்றார்கள். ‘ஃபோ’ சூப் கடை வாசல் பலகையில் ஏற இன்னும் பல வருடங்கள் ஆயின.

அதே விமான நிலையத்தில், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, இலங்கைத் தமிழ் இளைஞர்களும் இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி கடந்துபோக மட்டும் விசா கொடுக்கும். நகர ரயிலேறி ஃபிரீட்ரிக்ஷ்டிராசே நிலையம் போய், அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்பார்கள். மேற்குப் பக்கத்தில் அதை எல்லையாக ஏற்காததால் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது. 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மனியின் நெருக்கடிக்குப் பிறகு, போய்ச் சேரும் நாட்டின் விசா இல்லாத தமிழருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது.

அப்படி வந்த அண்ணாமார் சிலர் எங்கள் ஐக்கியத்தில் இன்று பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டுக்கோட்டைக் குசினிக் கதையைச் சொன்னபோது ஒரு அண்ணா சிரித்தார். “எங்கட அகதி முகாமில பின்னேரம் குளிர்ந்த பாணும் சீஸும்தான். கானாப் பெடியன் ஒருத்தன் களவா ஒரு மின்சார அடுப்பு வச்சிருந்தவன். அவன்ர பானையிலதான் நாங்கள் முதல் சோறு கண்டது. அவன் ஆர், என்ன சாதி, என்ன சமயம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அரிசி வெந்திட்டுதோ எண்டுதான் கேட்டனாங்கள்” என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி உடனே, “அதெல்லாம் பசியில. பிறகு ஊர் ஆக்கள் கனபேர் வந்த உடன என்ன நடந்தது எண்டும் சொல்லுங்கோவன்” என்றார். அண்ணா பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த அக்கா சொல்லாமல் விட்டதை நாங்களும் யோசித்தோம். அந்நிய நாட்டு நண்பரோடு சாப்பிடுவது நம்மவருக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. கேமரூன் தோழியின் பாத்திரத்தில் கைவைக்கத் தயங்காதவர்கள்தான், நம் ஊர் நம் சபைக்காரர் கொண்டுவந்த குழம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். தூரத்தில் உள்ளவரோடு உண்பதற்கு ஆர்வம் போதும். பக்கத்துத் தெருக்காரரோடு உண்பதற்குத்தான் 1847-இல் தேவைப்பட்டது இன்னும் தேவைப்படுகிறது.

இப்போது எங்கள் வாலிபர் கூடுகையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் ஒரு தாள் வைக்கிறோம். நர்சுகளின் பழக்கம் என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். ஐரோப்பிய சட்டப்படி உணவகங்கள் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. நிலக்கடலை, பால், முட்டை, மீன், இறால் வகை என்று நீளும் அந்தப் பட்டியலில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. அதாவது நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு தாளித்த நம் குழம்பு ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு கட்டங்களில் குறி விழும். வியட்நாம் தோழிதான் தாளின் மாதிரியை எழுதித் தந்தாள். சமைத்தவர் பெயருக்கு அவள் இடம் வைக்கவில்லை. போன தடவை பாத்திரம் சீக்கிரம் காலியான இரண்டு பேர் மட்டும், செய்முறை கேட்டு ஆட்கள் வரட்டும் என்று, ஓரத்தில் தாங்களே பெயரை எழுதி வைத்திருந்தார்கள்.